மேஜர் ஆர்கானின் மடி

"மேஜருக்கு மடி இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்று விக்ரம் போனில் கத்தினான்.

திருச்சியில் விசேஷ வீடுகளுக்கு வேஷ உடுப்பு வாடகைக்கு விடும் பிரவீன்குமார் மறுமுனையில் பெருமூச்சு விட்டான். "சார், அது நிக்கிற டிரெஸ் சார். மண்டப வாசல்ல நின்னு கை குடுப்போம், போட்டோவுக்கு நிப்போம். உக்காந்தா தொடைத் தகடு ரெண்டும் வயித்துல குத்தும்."

"நீங்க உக்காரலைன்னா எம் பொண்ணுக்குக் காது குத்த முடியாதுங்க."

"என்ன சார் சொல்றீங்க?"

விக்ரம் சொன்னது உண்மைதான். புதுக்கோட்டையில் டிராக்டர் ஷோரூமில் வேலை பார்க்கும் அவன், வீட்டுக்கு வந்து கைலிக்கு மாறியதும் மேஜர் ஆர்கான் ஆகிவிடுவான். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை செம்பு நிறக் கவசம், தோளில் பீரங்கி, ஏழு வீடியோ கேம்களில் ஏழு கிரகங்களைக் காப்பாற்றிய மாவீரர் அவர். இத்தனை கேமிலும் ஒரு தடவைகூடத் தலைக்கவசத்தைக் கழற்றியதில்லை. அவர் முகத்தை யாருமே பார்த்ததில்லை.

"கிரகத்தக் காப்பாத்துறது இருக்கட்டும், சிலிண்டர் தீந்துபோச்சு, புக் பண்ணுங்க" என்பாள் அவன் மனைவி மணிமேகலை. மகள் அன்புமொழி பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

அந்த அன்புமொழிதான் போன வாரம் திடீரென்று தரையில் புரண்டு அழுதாள். மேஜர் ஆர்கான் மடியில் உட்கார்ந்தால்தான் காது குத்திக்கொள்வாளாம்.

"எல்லாம் நீங்க குடுக்கிற எடம்" என்று மணிமேகலை தலையில் அடித்துக்கொண்டாள். விக்ரமும் மகளை அதட்டினான். ஆனால் உள்ளுக்குள் பூரித்துப்போனான். என்ன இருந்தாலும் அவன் ரத்தமல்லவா?

இன்னொரு விதத்திலும் அவனுக்கு நிம்மதி. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அன்புமொழிக்குத் தாய்மாமன்கள் இரண்டு பேர். மணிமேகலைக்கு அண்ணன் திருப்பதி, தம்பி பாலாஜி. இருவரும் சேர்ந்து ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வளர்த்தார்கள். ஒரு வருஷம் வாடிவாசலில் மைக் பிடித்தவர், "வருது பாரு, பாலாஜி காளை!" என்று அறிவித்துவிட்டார். காளை பிடிபடாமல் ஓடி பீரோ ஜெயித்தது. திருப்பதி பீரோவைத் திரும்பியும் பார்க்கவில்லை. "தவிடு வச்சது நானு, பேரு அவனுக்கா?" என்று அன்றைக்கு நின்றுபோன பேச்சு, இரண்டு வருஷமாக அப்படியே நிற்கிறது.

"அவன் மடியில பிள்ளைய உக்கார வச்சா உன் வீட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன்" என்று இருவருமே மணிமேகலையிடம் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள்.

"எனக்கு ரெண்டு பேருமே வேணுங்க" என்று அவள் விக்ரமிடம் அழுதாள். சாப்பாடுகூட இறங்கவில்லை அவளுக்கு. அவள் அழுதால் விக்ரமுக்குத் தாங்காது.

யாரோ ஒரு வாடகை மேஜர் மடி என்றால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பிள்ளை ஆசைப்பட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். கடைசியில் பிரவீன்குமார், தொடைத் தகட்டைக் கொஞ்சம் அறுத்துவிட்டு உட்காருவதாக ஒப்புக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் குலசாமி கோவிலில் மேஜர் வேனிலிருந்து இறங்கினார். அவரைப் பார்த்த மாத்திரத்தில், வெட்டுவதற்குக் கட்டியிருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் ஓடியது. நான்கு பேர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். கண் சரியாகத் தெரியாத ஒருவர் மேஜருக்குப் பயபக்தியோடு ஒரு கும்பிடு போட்டார்.

விக்ரமின் பெரியம்மா மூக்காயி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"யாருடா இவன்?"

"மேஜர் ஆர்கான் பெரியம்மா. பிள்ளை இவரு மடியிலதான் உக்காருவேங்குது."

"ஊரு பேரு தெரியாதவன் மடியிலயா பிள்ளைக்குக் காது குத்துவ? தாய்மாமனுங்க ரெண்டு பேரு குத்துக்கல்லாட்டம் அங்கிட்டு நிக்கிறானுங்க. இதெல்லாம் ஒரு மொறையா? நான் கெளம்புறேன்."

அவள் கிளம்பினால் பாதிக் கூட்டம் பின்னால் போகும். விக்ரம் ஓடிப்போய்த் திருப்பதியை வேனுக்குப் பின்னால் இழுத்துவந்தான்.

"மச்சான், அந்த டிரெஸ்ஸுக்குள்ள நீங்க இருங்க. பாலாஜி மாப்ளைக்குத் தெரிய வேணாம்."

"மொகம் வெளிய தெரியாதுல்ல?"

"ஏழு கேம்லயும் தெரிஞ்சதில்ல மச்சான்."

திருப்பதிக்கு வாயெல்லாம் பல். பிரவீன்குமாரை உரித்தெடுத்துவிட்டு அவர் உள்ளே புகுந்துகொண்டார். "உள்ள இருக்கிறது தாய்மாமன்தான், மூச்சு விட்ராதீங்க" என்று மூக்காயியின் காதில் சொன்னதும் அவளும் சமாதானமாகி உட்கார்ந்தாள். மேஜர் மடியில் அன்புமொழிக்கு முடியிறக்கினார்கள். அதுவரை எல்லாம் நல்லபடியாகவே நடந்தது.

அப்போதுதான் விக்ரம் பாலாஜியைப் பார்த்தான். கோவில் மணிக்குக் கீழே தனியாக நின்று, தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான் பாலாஜி.

"என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல மச்சான். அவரு மடியில உக்கார வைக்காதது சந்தோசந்தான். ஆனா எம் மருமக எவனோ கூலிக்கு வந்தவன் மடியில உக்காந்திருக்கிறதப் பாக்க முடியல."

விக்ரமுக்கு இளகிய மனசு. டிராக்டர் வாங்க வந்தவர்களிடமே, "அவசரமில்ல, யோசிச்சு அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லி அனுப்பி, முதலாளியிடம் திட்டு வாங்குகிறவன்.

"மாப்ள, காது குத்துறப்ப நீயே அந்த டிரெஸ்ஸுக்குள்ள இரு. அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம். வேன் பின்னாடி வந்து நில்லு."

முடியிறக்கியதோடு திருப்பதியைக் கழற்றிவிட்டு, பாலாஜியை மாட்டிவிடுவது அவன் திட்டம். முடி அண்ணனுக்கு, காது தம்பிக்கு. இதைவிட நியாயம் எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்? அண்ணனிடம் முதலிலேயே இதைச் சொல்லாமல் விட்டதுதான் பிசகு.

"மச்சான், வேர்த்திருக்கும். கொஞ்சம் கழட்டுங்க" என்று வேனை ஒட்டிக் கட்டியிருந்த தார்ப்பாய் மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

"வேர்க்கட்டும் மாப்ள. காதும் நானே பாத்துக்கிறேன்" என்றது கவசம். ஆனாலும் மூச்சு வாங்கவே, தலைக்கவசத்தை மட்டும் கழற்றினார் திருப்பதி.

எதிரே, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பாலாஜி தயாராக நின்றுகொண்டிருந்தான்.

இருவரும் விக்ரமைப் பார்த்தார்கள். விக்ரம் வேன் டயரைப் பார்த்தான்.

பாலாஜி பாய்ந்து கவசத்தின் கையைப் பிடித்தான்.

"விடுறா" என்றார் திருப்பதி. இரண்டு வருஷத்தில் அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நீ விடு. மச்சான் என்னையத்தான் உள்ள இருக்கச் சொன்னாரு!"

"என்னைய மொதல்லயே சொல்லிட்டாரு!"

"சார், அது ஃபோம் சார்! இழுக்காதீங்க சார்!" என்று பிரவீன்குமார் பனியனோடு சுற்றிச் சுற்றி ஓடினான்.

"நல்ல நேரம் முடியப்போகுது, தாய்மாமன் எங்கப்பா?" என்று ஆசாரி குரல் கொடுத்தார். மூக்காயி பொறுமையிழந்து தார்ப்பாயைச் சடாரென்று விலக்கினாள்.

கூட்டமே பார்த்தது. தலைக்கவசமும் மார்புத் தகடும் திருப்பதியிடம். இரண்டு கைகளும் ஒரு காலும் பாலாஜியிடம். விக்ரமிடம் பீரங்கி இருந்தது. அது எப்படித் தன் கைக்கு வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

அவ்வளவுதான், இனி இருவருமே வாசல்படி மிதிக்க மாட்டார்கள் என்று நினைத்து அவன் மனைவியைப் பார்த்தான். மணிமேகலை அழவில்லை. நேராக நடந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணே, பிள்ளைக்கு எத்தன காது?"

"ரெண்டு."

"தம்பி, நீ சொல்லு, எத்தன?"

"ரெண்டுக்கா."

"ஆளுக்கொண்ணா எடுத்துக்கிட்டு ஒட்டி உக்காருங்க. நேரமாச்சு."

பாதிப் பாதி மேஜராக இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அன்புமொழியை இரண்டு மடிக்கும் குறுக்கே வைத்தார்கள். ஆசாரி முதல் காதில் ஊசியை இறக்க, பிள்ளை வீறிட்டது. அதைவிடப் பெரிய சத்தம் தலைக்கவசத்துக்குள்ளிருந்து வந்தது. திருப்பதி குமுறிக் குமுறி அழுதார்.

"அண்ணே, அழாதண்ணே. பிள்ள பயந்துக்கும்" என்று பாலாஜி மார்புத் தகட்டைத் தடவிக்கொடுத்தான். இரண்டாவது காதுக்கு அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையை அண்ணன் விடவே இல்லை.

ஓடிய கிடா ஒருவழியாகக் கிடைத்து, பந்தி தொடங்கியபோது இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள். "அடுத்த வருஷம் மைக்ல ரெண்டு பேரையும் சொல்லச் சொல்லணும்ணே" என்று பாலாஜி சொல்ல, திருப்பதி தன் இலையிலிருந்த ஈரலைத் தம்பி இலைக்குத் தள்ளினார். ஏழு கிரகத்தைக் காப்பாற்றியபோதுகூட விக்ரமுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

"பாத்தியா மணி? கேமு கேமுன்னு கரிச்சுக் கொட்டுவியே. மேஜர் இல்லேன்னா இன்னிக்கு இது நடந்திருக்குமா?"

"அதானே, ஒங்க மேஜர் பெரிய ஆளுதாங்க" என்று மணிமேகலை சிரித்துக்கொண்டே குழம்பு வாளியோடு நகர்ந்தாள்.

பிரவீன்குமார் கிழிந்த கவசங்களை முணுமுணுத்துக்கொண்டே வேனில் ஏற்றினான். விக்ரம் மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனான். மொட்டைத் தலையில் சந்தனமும் காதில் புதுத் தோடுமாக இருந்த அன்புமொழிக்கு, அந்தப் பெரிய தலைக்கவசத்தைப் பெருமையோடு காட்டினான்.

"கண்ணு, ஒனக்காக எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தாரு! பேரச் சொல்லி டாட்டா சொல்லு."

அன்புமொழி தலைக்கவசத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"இவரு பேரு என்னப்பா? அன்னைக்கு அழச் சொன்னப்ப அம்மா சொல்லிக் குடுத்தாங்க, மறந்துபோச்சு."