கடலடியில் ஒரு களையெடுப்பு

ஐம்பத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதன்முறையாகக் களை எடுத்தேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் மூன்று தலைமுறையாக நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவன் இதைச் சொல்லிக்கொள்வதே கேவலம். அதைவிடக் கேவலம், அந்தக் களையை நான் வங்காள விரிகுடாவின் அடியில் எடுத்தது.

அக்கா மகள் யாழினி நாகப்பட்டினத்தில் கடலடி ரோபோ ஓட்டும் இன்ஜினியர். வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் அவளுக்கு அதிரசம் கொடுக்க இறங்கினேன். ரோபோ நடுக்கடலில், வெயிலே எட்டாத ஆழத்தில். இவள் கரையில், ஏசி அறையில், திரைக்கு முன்னால். இழுவலைகள் வழித்துப் போட்ட தரையில் அந்த இயந்திரம் பவளத் துண்டுகளை நட்டுவிட்டு, அவ்வப்போது படமெடுத்துக் கண்காணிக்கிறதாம்.

"வெயில் இல்லாம எப்படிம்மா வளரும்?"

"மேலேருந்து விழுற தூசு தும்பைத் தின்னு வளரும் மாமா."

(திரையில் அது மார்கழிப் பனிபோல் இறங்கிக்கொண்டே இருந்தது. வாயைப் பிளந்து பார்த்தேன்.)

"எத்தனை நாள் பயிர்?"

"ஒரு விரக்கடை உசரம் வளரவே வருஷக்கணக்காகும்."

"அப்ப குறுவைக்கு ஆகாது" என்றேன், நிபுணர்போல்.

அவள் சிரிக்கவில்லை. "நட்டது பிழைக்கிறது பெருசில்ல மாமா. பக்கத்துல தானா ஒண்ணு வரணும். வரலேன்னா திட்டத்தையே மூடிடுவாங்க. இன்னைக்கு எங்க சார் அதைப் பார்க்கத்தான் வர்றார்."

நச்சரித்து, ரோபோவின் கையை ஆட்டக் கற்றுக்கொண்டேன். நீட்டு, திற, மூடு. அவ்வளவுதான். வாசலில் கார் சத்தம் கேட்டது. "அப்படியே வைங்க மாமா, சாரைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று ஓடினாள்.

அப்படியே வைத்திருக்கலாம். ஆனால் திரையில், கயிறு பிடித்து நட்டதுபோல் நேர் நேராகப் பவள வரிசைகள். இரண்டு வரிசைக்கு நடுவில், கட்டைவிரல் நகமளவு, வெளிறிப்போய் என்னவோ ஒன்று. எங்கள் பக்கத்தில் வரிசைக்கு நடுவே நிற்கும் எதற்கும் ஒரே பெயர்தான். சொந்த வயலில் வரப்பை விட்டு இறங்காதவனுக்கு அன்று எங்கிருந்து அவ்வளவு பொறுப்பு வந்ததோ! நீட்டினேன், திறந்தேன், மூடினேன், பிடுங்கினேன். பெருமையாக இருந்தது.

கதவு திறந்தது. "சார், நான் சொன்னேனே, நாம நடாம தானா வந்த முதல் குஞ்சு! இதோ, இந்த ரெண்டு வரிசைக்கு நடுவுல..."

யாழினியின் விரல் அந்தரத்தில் நின்றது.

"மாமா, ரோபோ கையில என்ன?"

"களைம்மா."

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த ஊரு?"

"பாபநாசம் பக்கம் சார்."

அவர் யாழினியிடம் திரும்பினார். "வரிசையா நட்டது நம்ம தப்புதாம்மா."

நல்ல வேளை, அது ஒட்டியிருந்த கல்லோடு பெயர்ந்து வந்திருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை மறுபடி அதே குழியில் உட்காரவைக்கும் வரை, நான் கொண்டுபோன அதிரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது பிழைத்தது, திட்டமும் பிழைத்தது. மற்ற பவளங்களுக்கெல்லாம் எண். அதற்கு மட்டும் அவர்கள் பதிவேட்டில் 'மாமா' என்று பெயர். "மாமா ஒரு நெல்லு அளவு வளந்திருக்கார்" என்று குடும்ப வாட்ஸாப்பில் படம் வரும். அத்தனை பேரும் வாழ்த்துவார்கள்.

விஷயம் எங்கள் வயலுக்கும் வந்து சேர்ந்தது. களையெடுக்க ஆள் கூட்டிவரும் செல்வியக்கா, சேற்றில் குனிந்தவர் நிமிர்ந்து கேட்டார்: "கடலுக்குள்ளயே இறங்கிட்டீங்களாண்ணே?"

"இல்லக்கா. கரையில, ஏசி ரூம்ல உக்காந்துதான்..."

"அதானே பார்த்தேன்" என்று மறுபடி குனிந்துகொண்டார். "அங்கயும் வரப்புலதான் நின்னிருக்கீங்க."