வீரமுத்து ஏழு பேர், மாப்பிள்ளை ஒருவர்

பெரம்பலூர்,
மாசி 9, வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அறிவுச்செல்வன் அவர்களுக்கு,

மாமனார் வைரக்கண்ணு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை கமலவேணியும் சுகம். என் முழங்கால் மட்டும் மேகம் கூடும்போது தனியாகக் கருத்துச் சொல்கிறது, மற்றபடி குறையில்லை. பெங்களூரில் தாங்களும் கீதாஞ்சலியும் பேரனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்க இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் ஒரு தடவை "மாமா" என்று கூப்பிட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிடுகிறேன். காகிதம் அப்படிக் கூப்பிடாது. எனவே ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: எங்கள் மக்காச்சோளக் கம்பெனியின் ஆர்டர் உங்கள் கம்பெனிக்கு இல்லை. அப்பாடா, சொல்லியாகிவிட்டது. இனி காரணங்கள்.

பேரன் காதுகுத்தில் சொந்தக்காரர்கள் முந்நூறு பேர் இருக்கும்போது, கையில் பாயசத்தை வைத்துக்கொண்டு, "எங்க கம்ப்யூட்டர் வேலையெல்லாம் இனி எங்க மாப்பிள்ளை கம்பெனிதான்" என்று சத்தமாகச் சொன்னது நான்தான். நீங்களும் "சந்தோஷம் மாமா" என்றீர்கள். அதை நான் மறக்கவில்லை. மறக்க உங்கள் அத்தையும் விடவில்லை. "வாக்குக் குடுத்துட்டு இப்ப இல்லேன்னா, நம்ம பொண்ணு அந்த வூட்ல எப்புடித் தல நிமிந்து நிக்கும்?" என்று பத்து நாளாக ரசத்தில் உப்புப் போடாமல் கேட்கிறாள். ஆகவே நான் விளையாட்டாக முடிவெடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் சங்கடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். செந்துறை டிப்போவில் எடைமேடைக் கம்ப்யூட்டர். வேப்பந்தட்டையில் எக்செல். அரும்பாவூரில் அமாவாசை. அந்த டிப்போவைப் பார்த்துக்கொள்கிற அவர் எதையும் எழுதுவதில்லை, எல்லாவற்றையும் வாட்ஸப்பில் பேசி அனுப்புவார், நடுவில் டீக்கடைக்காரருக்கு இரண்டு டீயும் சொல்லுவார். இந்த மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. போன மாதம் நாமக்கல் கோழிப்பண்ணை லாரி ஒன்று, செந்துறையில் சோளம் இருக்கிறது என்ற எங்கள் பேச்சை நம்பி அங்கே போய், இல்லையென்று வேப்பந்தட்டை போய், அங்கும் இல்லையென்று அரும்பாவூர் போய், இரண்டு நாள் நம் மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காலியாகத் திரும்பியது. முதலாளி ஹபிபுல்லா பாய் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "யோவ் வைரக்கண்ணு, நாலு கெணத்துத் தண்ணியையும் கொழா போட்டு ஒரே தொட்டிக்குக் கொண்டாற மாதிரி, நாலு எடத்துத் தகவலையும் ஒரே எடத்துக்குக் கொண்டாற கம்பெனி இருக்காமே, மூணு பேரக் கூப்புட்டுப் பாரு. எது நல்லதோ அதப் புடி." இப்படித்தான் சோளம் வாங்குகிற நான் க்ளவுட் மென்பொருள் வாங்குகிறவன் ஆனேன்.

அந்தக் கம்பெனிகள் வீடியோவில் காட்டுகிற அழகையெல்லாம் நான் பார்க்கவே இல்லை. மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டுகிற சோளத்தை நம்பி முப்பது வருடத்தில் நான் ஒரு லோடும் எடுத்ததில்லை. பக்கவாட்டில் குத்தூசியைச் செருகி நடுவில் இருப்பதை எடுத்துக் கடித்துப் பார்ப்பேன். அதேபோல் மூன்று கம்பெனிக்கும் ஆளுக்கு ஒரு வாரம் எங்கள் நிஜ வேலையைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது நம் ஆபீஸ் சத்யப்பிரியா. கெட்டிக்காரப் பெண், கோபம் வந்தால் மட்டும் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்கும்.

முதல் வாரம் அமெரிக்கக் கம்பெனி. இருநூற்றைம்பது விதமான இடங்களிலிருந்து தகவல் எடுக்குமாம். அமாவாசையிடமிருந்து எடுக்காது. சரி, அவர் பேசுவதைச் சத்யப்பிரியாவே தட்டச்சு செய்தாள். திரையில் படம் படமாக, கலர் கலராக வந்தது, பாய்க்குக்கூட முகம் மலர்ந்தது. பிறகுதான் தெரிந்தது, ஒரு வரியை மாற்றினால் அதற்கும் கட்டணம். பாய் எழுந்துவிட்டார். "அமாவாசைக்கு ஒரு நாளைக்கு நாலு தடவ புத்தி மாறும். அதுக்கெல்லாம் நான் அமெரிக்காவுக்குக் கப்பம் கட்டணுமா?"

இரண்டாம் வாரம் சென்னைக் கம்பெனி. அழகும் கிடையாது, வேகமும் கிடையாது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் புதுக் கணக்கு வரும். ஆனால் சத்யப்பிரியா கட்டத்தை இழுத்துக் கட்டத்தோடு சேர்த்து அரை நாளில் தானே அமைத்துவிட்டாள். சொன்னதைச் செய்தது, சொல்லாததைச் செய்யவில்லை. ஒரே குறை, சந்தேகம் கேட்டால் மனுசன் வர மாட்டான். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு புகார் நம்பர் வரும். அந்த நம்பர் என்ன ஆயிற்று என்று கேட்டால் இன்னொரு நம்பர் வரும். என்னிடம் இப்போது பதினோரு நம்பர் இருக்கிறது.

மூன்றாம் வாரம் உங்களுடையது. என்ன வேகம் மாப்பிள்ளை! செந்துறையில் மூட்டை இறங்கிய ஐந்தாம் நிமிடம் இங்கே பெரம்பலூரில் தெரிந்தது. அதுவாகவே தப்பான தகவல்களைக் கழுவிச் சுத்தம் செய்கிறது என்று சத்யப்பிரியா சொன்னபோது எனக்கு உங்களை நினைத்துப் பெருமையில் மார்பு விரிந்தது. அப்படிக் கழுவியதில்தான் வினை வந்தது. செந்துறைப் பக்கம் ஒரு ஊரில் வீட்டுக்கு மூத்த பையன் என்றால் குலசாமி பெயர்தான் வைப்பார்கள், வீரமுத்து. நமக்குச் சோளம் போடுகிறவர்களில் மட்டும் ஏழு வீரமுத்து. நாங்கள் கீழத்தெரு வீரமுத்து, கிணத்துமேட்டு வீரமுத்து, பள்ளிக்கூடத்து வீரமுத்து என்று வாயால் பிரித்துக்கொள்வோம், கணக்கில் எல்லாரும் வீரமுத்துதான். உங்கள் மென்பொருள் பார்த்தது, ஒரே ஊர், ஒரே பெயர், யாரோ ஒரு ஆளை ஏழு தடவை எழுதிவிட்டார்கள் என்று முடிவு செய்து, ஏழு பேரையும் சேர்த்து ஒரே வீரமுத்து ஆக்கிவிட்டது.

சோளம் இறக்க உங்கள் வண்டி இத்தனை மணிக்கு வரலாம் என்று விவசாயிகளுக்குச் செய்தி அனுப்புவோம் இல்லையா, அந்த ஏழு செய்தியும் கிணத்துமேட்டு வீரமுத்துவுக்கே போய்விட்டது. அவர் தன்னைப் பெரிய புள்ளி ஆக்கிவிட்டார்கள் என்று நினைத்து, சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு, ஒரு நாளைக்கு ஏழு தடவை டிராக்டரில் வந்து போனார். மற்ற ஆறு பேருடைய சோளம் ரோட்டில் காயப் போட்டபடி கிடக்கிறது, வானமோ கறுத்துக்கொண்டு வருகிறது. ஆறு பேரும் ஒன்றாக ஆபீசுக்குள் வந்தார்கள். "நாங்க உசுரோடதான இருக்கோம் மேனேஜர்? எங்களக் காணோம்னு வண்டி முறை குடுக்க மாட்டேங்குறாங்களாமே?" என்றார் பள்ளிக்கூடத்து வீரமுத்து. கீழத்தெரு வீரமுத்து திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "அய்யய்யோ, மனைவி பேருன்னு போட்டு கெணத்துமேட்டாரு சம்சாரம் பேர எம்பேருக்கு நேரா எழுதியிருக்கீங்களே! அவங்க எனக்குச் சித்தி முறைங்க!"

அந்த நேரம் பார்த்து உங்கள் போன். "எப்படிப் போகுது மாமா?" ஆறு வீரமுத்துவும் என் வாயையே பார்க்கிறார்கள். "அமோகமா போகுதுங்க மாப்பிள்ளை" என்றேன். வேறு என்ன சொல்வது? பாய்கூட, "உன் மருமவன்தானய்யா, ஒரு போனப் போட்டு என்னா ஏதுன்னு கேளேன்" என்றார். "மாப்பிள்ளைகிட்டப் போயி எப்புடிங்க பாய் குத்தம் சொல்றது?" என்றேன். அவருக்கும் இரண்டு மருமகன்கள். சட்டென்று அடங்கிவிட்டார். "வாஸ்தவம்தான். எம்மருமவன் வூட்டுக்கு வந்தா ஃபேன் சுச்சிகூட அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் போடுவேன்" என்றார். பிறகு சத்யப்பிரியாவும் நானும் பழைய நோட்டை எடுத்து, வாயாலேயே வண்டி முறை சொல்லி, மழைக்கு முன்னால் ஆறு பேர் சோளத்தையும் கொட்டகைக்குள் சேர்த்துவிட்டோம். ஒரு மணிகூட நனையவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஆகவே சென்னைக் கம்பெனியை எடுப்பதாக முடிவு. இன்றைக்கு ஜும்மா முடிந்து வந்து பாய் கையெழுத்துப் போடுகிறார். இதனால் உங்களுக்கு ஆபீசில் ஏதும் தலைக்குனிவு வந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு, கீதாஞ்சலியிடம் கோபத்தைக் காட்ட வேண்டாம். நீங்கள் எவ்வளவு நல்ல பிள்ளை என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு இல்லையென்று சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதற்கு, ஒரு வரியில் முடிய வேண்டியது நான்கு பக்கம் வந்திருப்பதே சாட்சி.

பேரனுக்கு என் முத்தங்கள். கீதாஞ்சலிக்கு ஆசிகள். உங்களுக்கு மேலும் மேலும் பெரிய கம்பெனிகளாக ஆர்டர் கிடைத்து, மழையும் வெயிலும் அளவாகப் பெய்து காய்ந்து, எல்லாரும் நிறைவாக வாழ வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டுகிறேன்.

தங்கள் மாமனார்,
சோ. வைரக்கண்ணு

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் கீதாஞ்சலி போன் செய்தாள். தோளுக்குப் பின்னால் நின்று கடிதம் முழுவதையும் படித்திருந்த உங்கள் அத்தை, போனைப் பிடுங்கி அத்தனையும் ஒப்பித்துவிட்டாள். கீதாஞ்சலி சிரித்த சிரிப்பில் பேரன் விழித்துக்கொண்டான். "அப்பா, பேரச் சேக்குறது ஒரே ஒரு டிக்குப்பா. அத எடுத்துட்டா ஏழு பேரும் ஏழு பேராவே இருப்பாங்க. அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க ஆர்டர் வந்துடக் கூடாதுன்னு அவரு வேண்டாத சாமி இல்லப்பா. மாமாவே கஸ்டமரா வந்துட்டா, அவர் கேக்குற எதுக்கும் முடியாதுன்னு சொல்ல முடியாதே, நான் தூங்குறது எப்பன்னு பொலம்புறாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றாள். ஆகவே அவள் சொன்னதாக நீங்கள் நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு டீ குடித்து முடிக்கும்வரை மனசு வலித்தது. பிறகு ஆபீசுக்குப் போய்ப் பாயிடம் சொன்னேன். பாய் தொழுகைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் துள்ளி எழுந்தார். "முடியாதுன்னு சொல்லவே முடியாத ஆளா? யோவ், இந்த ஒலகத்துல எந்தக் கம்பெனியில அப்புடி ஆள் கெடைப்பான்? அவரையே புடிய்யா!" சற்று முன் உங்கள் கம்பெனிக்கே கையெழுத்துப் போட்டாயிற்று, மூன்று வருடத்துக்கு. எழுதிய நான்கு பக்கத்தைக் கிழிக்க மனம் வராததால் இதையும் சேர்த்து அனுப்புகிறேன். நாளைக் காலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன், மாப்பிள்ளை. எடுங்கள்.