அறையில் மாட்டியிருந்த துணியைத் துவைத்தது பற்றி

என் அன்பு மகளுக்கு,

உன் அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உடம்பளவில் நான் சுகம். நீயும் உன் வேலையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இன்று பதினொரு மணிக்கு மேல் அந்த வேண்டுதலில் கொஞ்சம் அவசரம் கூடிவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று தடவை உன் நம்பரை எடுத்தேன், மூன்று தடவையும் வைத்துவிட்டேன். அதனால் இந்த ஓட்டல் தாளிலேயே எழுதி, கீழே வரவேற்பு மேசையில் உனக்காகக் கொடுத்துவிட்டுப் போகிறேன். தாளின் தலையில் பாதி மூஞ்சி போட்டிருக்கிறது. மீதிப் பாதி எங்கே என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் அசடு வழிய வேண்டிவரும் என்பதை நேற்றே தெரிந்துகொண்டேன்.

நேற்று மத்தியானம் வந்து இறங்கினேன். தெருவா அது! இந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை, அந்தப் பக்கம் போன் ரிப்பேர்க் கடை, நடுவில் பழவண்டிக்காரரும் பஸ்ஸும் வழிக்குச் சண்டை, இதற்கு இடுக்கில் உன் ஓட்டல். உள்ளே மேலாளர் என்று தலையில் கொண்டை போட்ட ஒருவர் ஓடிவந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார். "ஒவ்வொரு ரூமும் ஒரு ஆர்ட்டிஸ்ட் பண்ணது சார். உங்களுக்கு உங்க பொண்ணோட ரூம்தான். நாளன்னிக்குத்தான் எல்லாரும் பாக்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி எங்கப்பாதான் பாக்கணும்னு ஒரே பிடிவாதம்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, மறைப்பானேன். ஆனால் அறைக்குள் போனதும் சோதனை ஆரம்பித்தது. சுவரில் ஐந்து கதவு, நாலு கதவு வரைந்தது, ஒன்றுதான் நிஜக் குளியலறை. நீண்ட பயணம் முடித்து அவசரமாக வந்தவன் எத்தனை கதவில் முட்டியிருப்பேன் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். குளித்துவிட்டு, மூலையில் கிளைகிளையாக நின்ற இரும்பில் துண்டைக் காயப்போட்டேன். அறை சுத்தம் செய்யும் அம்மா உள்ளே வந்து, "ஐயோ சார், அது சிலை!" என்று கூவினார். "இந்த நாற்காலி?" என்றேன். "உக்காரலாம் சார், சாயக் கூடாது." சாயங்காலம் முழுக்கப் பரீட்சை ஹாலில் உட்கார்ந்தமாதிரி உட்கார்ந்திருந்தேன். இனிமேல் கேட்காமல் எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு இன்று காலை எட்டு மணிவரை இருந்தது.

காலையில் எழுந்து உன் படத்தைத் தேடினேன். "நீங்க மொதல்ல பாருங்கப்பா, பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க, நான் இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று போனில் சொன்னாயே, அந்தப் படத்தை. கட்டிலுக்கு எதிரில் ஒரு மரச்சட்டத்தில் கிளிப் போட்டு ஒரு துணி தொங்கியது. படத்துக்குத் தூசு படாமல் மூடியிருக்கிறார்கள் போல என்று மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். பின்னால் வெறும் சுவர். சரி, படம் இன்னும் வந்து சேரவில்லை, மூடுதுணி முன்னால் வந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அட்டை. புகை பிடிக்காதே என்று இருக்கும் என்று நினைத்து, கண்ணாடியை எடுக்கவில்லை. ஆனால் துணியில் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது கறை. மை, டீ, துரு, மிஷின் எண்ணெய், நடுவில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு மஞ்சள். நாளைக்கு ஊரே வந்து பார்க்கப்போகிறது, என் மகள் படத்துக்கு மூடுதுணி இந்த லட்சணத்திலா? முப்பத்தொரு வருடம் சலவைக்கடை வைத்திருந்தவன் மகள் அறையிலா? எனக்குக் கை துறுதுறுத்துவிட்டது. அவமானம் உனக்கு வரக் கூடாது என்றுதான் செய்தேன். இதை மட்டும் நம்பு.

என் கறை டப்பா எப்போதும் பெட்டியில் இருக்கும், உனக்குத் தெரியும். எலுமிச்சம்பழம் மட்டும் பழவண்டிக்காரரிடம் வாங்கிவந்தேன். சரியான கதவைக் கண்டுபிடித்துத் தொட்டியில் தண்ணீர் பிடித்தேன். டீக்குக் கிளிசரின், துருவுக்கு எலுமிச்சையும் உப்பும், எண்ணெய்க்குச் சாக்கட்டித் தூள், மைக்கு ஸ்பிரிட், பழைய பல் பிரஷ்ஷால் உள்ளிருந்து வெளியே தேய்க்காமல் வெளியிலிருந்து உள்ளே. மூன்று மணி நேரம். முட்டி கழன்றுவிட்டது. ஆனால் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், என் கடை ஓடிய நாளில்கூட இப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை. ஒரு பொட்டு இல்லை. பாட்டுகூடப் பாடிக்கொண்டே பால்கனிக் கம்பியில் உலர்த்தினேன்.

வெயில் துணிக்குப் பின்னாலிருந்து அடித்தபோதுதான் இடதுபக்க மூலையில் நாலு விரல் அகலத்துக்கு, ஓட்டையை நூலால் பின்னி அடைத்த ஓர் இழையோட்டல் தெரிந்தது. வெள்ளைத் துணியில் நீல நூல். இப்படிப் பொருந்தாத நூலில் எந்த மடையன் இழை ஓட்டினான் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். அம்மா, அது என் கை. நம் கடை இஸ்திரி மேசை விரிப்பு அது. நீ மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது புதிதாகப் போட்டது. போட்ட வாரமே, அதன் ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நீ மையைக் கொட்டினாய். உன்னைத் திட்டினேன். திட்டுகிற மும்முரத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மறந்து துணி பொசுங்கியது. அதற்கும் உன்னையே திட்டினேன். மறுநாள் வெள்ளை நூல் இல்லாமல் நீலத்தில் தைத்தேன். கடையை மூடியபோது குப்பையில் போட்ட துணி. நீ எடுத்து வைத்திருப்பாய் என்று நான் கண்டேனா?

அப்புறம்தான் கண்ணாடியைப் போட்டு அட்டையைப் படித்தேன். "அப்பாவின் மேசை. பருத்தித் துணி, தேநீர், மை, துரு, எண்ணெய், சூடு." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது பார்த்து அறை சுத்தம் செய்யும் அம்மா வந்தார். சுவரைப் பார்த்தார், பால்கனியைப் பார்த்தார். "சார், என்ன பண்ணிட்டீங்க?"

"துவைச்சேன்மா."

"அதுதான் சார் படமே!"

"இப்பதான்மா தெரிஞ்சுது."

அவர் துணியைத் தொட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா சார், துருகூடப் போயிடுச்சே. எப்படி எடுத்தீங்க?" நானும் வெட்கங்கெட்டவன், எலுமிச்சையை எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டேன். பாதியில் என் குரல் எனக்கே கேட்டது.

உண்மையைச் சொன்னால், துவைத்ததைவிட வேறொன்றுதான் என்னைத் தின்கிறது. நீ இந்தப் படிப்புக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நான் சொன்னேனே, "நான் கறையை எடுத்து உனக்குச் சோறு போட்டேன், நீ கறை பண்ணிப் பேர் வாங்கப் பாக்குறியா?" என்று. நீ தட்டை அப்படியே விட்டு எழுந்துபோனாய். ஒரு கண்காட்சிக்கும் நான் வரவில்லை. நீயோ அந்தக் கறைகளையெல்லாம் மடித்து வைத்து, சட்டம் போட்டு, எனக்கு முதலில் காட்ட வேண்டும் என்று இவ்வளவு தூரம் வரவழைத்திருக்கிறாய். வந்த அப்பன் என்ன செய்தான்? வெட்கமாக இருக்கிறது அம்மா. வேறு வார்த்தை தெரியவில்லை.

நீ ஐந்து மணிக்கு வருவாய் என்றார்கள். அப்போது உன் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. மூன்று மணி பஸ்ஸில் கிளம்புகிறேன். துணியை இஸ்திரி போடாமல் கட்டில் மேல் விரித்து வைத்திருக்கிறேன். இனி அதை விரலாலும் தொட மாட்டேன், இது சத்தியம். கொண்டைக்காரரிடம் தப்பு என் மேல்தான் என்று சொல்லிவிடு. உன் அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவாள். நீ செய்கிற வேலை எதுவானாலும் எனக்குப் புரியாமலே நன்றாக நடக்கட்டும். எல்லா நலமும் பெருக.

தலை குனிந்து,
உன் அப்பா

பின்குறிப்பு: மேலே பஸ், சத்தியம், உன் அம்மா என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடு. கறையை எடுத்தவனுக்கு அது எந்த இடத்தில் எப்படி விழுந்தது என்று தெரியாதா? ஒரு மணியிலிருந்து கறைகளைத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கிறேன். மிஷின் எண்ணெய் சைக்கிள் கடையிலிருந்து அறை சுத்தம் செய்யும் அம்மா வாங்கிவந்தார், துருவுக்கு அந்தச் சிலையின் அடிப்பக்கம் கொஞ்சம் சுரண்டிக்கொண்டோம், யாரிடமும் சொல்லாதே. டீ வட்டம் வலதா இடதா என்று சந்தேகம் வந்து உன் அம்மாவுக்கே போன் போட்டேன். "நான் வெச்ச டம்ளர், எனக்குத் தெரியாதா? வலது பக்கம்தான்" என்றாள், மீதியை நேரில் பேசிக்கொள்கிறாளாம். வட்டம் அருமையாக வந்திருக்கிறது. திரைச்சீலையிலும் ஒன்று வந்துவிட்டது, அதுவும் யாருடைய படமாவது என்றால் நான் துவைப்பதற்குள் சொல். மை மட்டும் வைக்கவில்லை. அது நீ கொட்டியது, எனக்கு அந்தக் கை வராது. புட்டி வாங்கி வைத்திருக்கிறேன். சாயக் கூடாத நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். நீ வந்து கொட்டு, இந்தத் தடவை திட்ட மாட்டேன்.