மஞ்சள் புள்ளிச் சாமி

கரியாலூருக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் ஊரில் ஜீப் நின்றால், முன்பெல்லாம் அருவி பார்க்க வந்தவர்கள் இறங்குவார்கள். இந்த ஆடியில் ஆளுக்கொரு சேவலோடு இறங்கினார்கள். ஊருக்குப் புதிதாக வந்து அருள்வாக்குச் சொல்லும் சாமியின் கட்டணம் ஒரு சேவல்.

ஊரில் வாந்திபேதி. அடுத்து எந்த வீட்டுக்கு வரும் என்று சாமி முன்கூட்டியே சொல்வார். சொன்ன வீட்டுக்கு வந்தும் விடும். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? சாமி சங்கராபுரத்திலிருந்து மலையேறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே செல்போன் ரிப்பேர் செய்தபோது அவர் பெயர் வெங்கடேசன். ஆத்தா இறங்கிய பிறகு பெயரை யாரும் கேட்கவில்லை.

கிராம நர்ஸ் ஜெனிபரும் அதே வேலையைத்தான் செய்தார், சேவல் வாங்காமல். செயற்கைக்கோள் படத்தில், நோய் கண்ட வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தார். எல்லாம் ஒரே குடிநீர்க் குழாயில் இருந்த வீடுகள். அந்தக் குழாயில் மிச்சமிருந்த வீடுகளுக்கு மஞ்சள் புள்ளி. தினமும் படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, மஞ்சள் வீட்டுக்காரர்கள் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று எழுதுவார். அதன்கீழே ஊரே ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்லும். படத்தைத் திறந்து பார்த்தவர் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர்தான். பார்த்துவிட்டு மாலையில் அருள் வந்து ஆடினார். தண்ணீரைக் காய்ச்சினால் ஆத்தாளுக்குச் சுடும் என்றும் சொல்லிவைத்தார்.

பச்சையம்மாளின் மகள் கலையரசிக்கு ஆறு வயது. கண் உள்ளே போய், நாக்கு வறண்டு கிடந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க அக்கா. டிரிப் ஏத்தணும். இல்லன்னா புள்ள தாங்காது" என்றார் ஜெனிபர்.

"ஊரத் தாண்டுனா ஆத்தா வுடமாட்டான்னு சாமி சொல்லிக்கினு இருக்காரும்மா. அவரு சொன்னது எது பலிக்காம போச்சி?"

ஜெனிபர் நின்ற இடத்திலேயே படத்தில் ஒரு மஞ்சள் புள்ளி கூட்டி, குழுவில் போட்டார்.

"சரி, புள்ளையத் தூக்கிக்கினு வாங்க. வாக்கு கேட்டுட்டே போவலாம். ஜீப்பு அங்கதான் நிக்குது."

சாமி தட்டிக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். ஆடினார்.

"தெக்கால வளைவுல, தகரக் கூரை வூடு. நாளைக்கு மூணு பேரப் புடிப்பேன்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பச்சையம்மாள் போட்டுக்கொள்ளவில்லை.

"அது என் பழைய வூடாச்சே. ரோடு போட இடிச்சி ரெண்டு வருசமாச்சி. அங்க யாரப் புடிக்கப் போறே ஆத்தா?"

ஜெனிபர் போனைத் தூக்கிக் காட்டினார். "படம் பழசுங்க. அதுல அந்தக் கூரை இன்னும் இருக்குது. இப்பதான் அதுமேல மஞ்சள் வெச்சேன், வேணும்னே. உங்க போன்லயும் வந்திருக்கும், பாருங்க."

ஊர் முதல்முறையாகப் படத்தைத் திறந்தது.

சாமி சுதாரித்தார். "ஆத்தா பழச மறக்க மாட்டா."

"அப்ப ஆத்தாளும் வாட்ஸ்அப்புலதான் பாக்கறாளா?" என்றாள் பச்சையம்மாள். பதிலுக்கு நிற்காமல் மகளோடு ஜீப்பில் ஏறினாள்.

கலையரசி பிழைத்தாள். முதல் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் தோண்டினார்கள். குழாய் உடைந்து சாக்கடை கலந்துகொண்டிருந்தது. சாமி சேவல்களைக்கூட எடுக்காமல் மலையிறங்கிவிட்டார்.

குழந்தை சாகக் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஆனால் வெங்கடேசனை மட்டும் திட்டி என்ன பயன்? ஊரில் படத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தானே. ஊர்க்காரர்களே, சேவல் கொடுத்துக் கேட்ட வாக்கெல்லாம் உங்கள் சட்டைப்பைப் போனிலேயே இருந்தது. திறந்து பாருங்கள். ரோஜாப்பூவை அப்புறம் அனுப்பலாம்.