பரிசோதனைக்குக் கோச்சிங் கொடுத்த கதை

அரசு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவர்களுக்கு ஒரு நோய் உண்டு. எதிரே எது வந்தாலும் அதற்கு ஒரு நடைமுறை இருக்கும், அந்த நடைமுறைக்கு ஒரு மாதிரி வினாத்தாளும் இருக்கும் என்று நம்புவார்கள். நான் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். துறைத் தேர்வுகள் அத்தனையிலும் முதல் முயற்சியிலேயே தேறியவள். (யாரும் கேட்காமலே இதைச் சொல்வதும் அதே நோயின் அறிகுறிதான்.)

கிழக்குத் தாம்பரத்தில் என் தம்பி சேகரின் குடும்பத்தோடு இருக்கிறேன். அவனும் மனைவி சுதாவும் வேலைக்குப் போய்விடுவதால், அவர்கள் மகள் ஆதிரை என் பொறுப்பு. அப்போது நாலாம் வகுப்பு. எதைக் கேட்டாலும் வாயால் கடகடவென்று சொல்வாள். எழுதச் சொன்னால் மட்டும் சாயங்கால நெரிசலில் ஜி.எஸ்.டி. சாலைதான், எந்த எழுத்தும் வரிசையை மதிக்காது, ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். பரீட்சையில் பாதி எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். தெரிந்த பதிலை எழுத முடியவில்லை என்று அழுதுகொண்டே வருவாள்.

பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டுங்கள். எழுதுவதில் சிரமம் இருக்கிறது என்று அவர் அறிக்கை கொடுத்தால், பரீட்சையில் கூடுதல் நேரம் தருகிறோம். கைக்குப் பயிற்சியும் அவரே கொடுப்பார்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அப்படி ஒரு மையம் இருந்தது. எங்கள் அடுக்ககத்து ரேவதி தன் மகனை அங்கே காட்டியிருந்தாள். அவளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“என்னெல்லாம் கேட்டாங்க?”

“கலங்கரை விளக்கம் பத்தி ஒரு பாரா சுவத்துல ஒட்டிருப்பாங்க ஆன்ட்டி, அதப் பாத்து எழுதணும். பந்து பிடிக்கணும், ஒத்தக் கால்ல நிக்கணும், மணி கோக்கணும். ஏன் ஆன்ட்டி?”

“சும்மாதான்.”

அந்தப் பத்தியை அவள் போனில் படம் பிடித்தும் வைத்திருந்தாள். கேள்வித்தாளே கைக்கு வந்துவிட்டது. இனி விடுவேனா?

மறுநாளே பயிற்சி தொடங்கியது. காலையில் கலங்கரை விளக்கம், பள்ளி விட்டு வந்ததும் கலங்கரை விளக்கம். நடுவில் மொட்டை மாடியில் பந்து. குழந்தை ஒற்றைக் காலில் நின்றபடி பால் குடித்தாள். வாட்ச்மேன் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்தவர் நின்று பார்த்தார்.

“இன்னா மேடம், பாப்பாவ எதுனா டீம்ல சேக்கப் போறீங்களா?”

“டெஸ்ட் இருக்குப்பா.”

“பந்து புடிக்கறதுக்கா டெஸ்டு? இன்னா இஸ்கூலோ.”

ஆதிரை ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, பென்சிலைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்து, எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் அந்த ஒரு பத்தி மட்டும் அச்சடித்ததுபோல் வந்தது.

குறித்த நாளில் தெரபிஸ்ட் ஷாலினி (சின்னப் பெண், முழங்காலில் பெயிண்ட் கறை) ஆதிரையைச் சோதித்தாள். பந்து ஒன்றுகூடத் தவறவில்லை. ஒற்றைக் காலில் கொக்குபோல் நின்றாள். கலங்கரை விளக்கம் பளபளத்தது. நான் பதவி உயர்வு வாங்கியவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

“ரொம்ப நல்லா பண்றாளே,” என்றாள் ஷாலினி. “இவளுக்குத் தெரபி தேவையே இல்ல மேடம். கூடுதல் நேரத்துக்கு நான் எழுதிக் குடுக்கவும் முடியாது.”

தோற்றால்தான் பாஸ் என்கிற தேர்வை வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறை சந்தித்தேன்.

“இல்ல மேடம், இவளுக்கு எழுத வராது,” என்றேன்.

“வருதே. அழகா இருக்கே.”

“வரவே வராது. கண்றாவியா இருக்கும். நீங்க பாத்ததில்ல.”

வரிசையில் காத்திருந்த அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆதிரையும் பார்த்தாள். “நான் நல்லாதானே அத்தை எழுதினேன்?” என்றாள். குரல் உள்ளே போயிருந்தது. அலுவலகத்தில் எத்தனையோ பேரை வாயடைக்க வைத்தவள் நான். அன்று கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

ஷாலினி என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். “ஆதிரை, உனக்குத் தோணுறத எழுதும்மா. எது வேணா.”

நான் படித்த வினாத்தாளில் இந்தக் கேள்வி இல்லை.

ஆதிரை எழுதினாள். தோள் காது வரை ஏறியது. முனை உடைந்தது. வேறு பென்சில் வாங்கி, மறுபடி குனிந்தாள். வெகு நேரம் கழித்து இரண்டு வரி வந்தது. ஷாலினி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீயே படிச்சுக் காட்டேன்,” என்றாள்.

“அத்தை நல்லவங்க. ஆனா பந்த ரொம்ப வேகமா போடுவாங்க.”

அம்மாக்கள் சிரித்தார்கள். ஷாலினி சிரிக்கவில்லை. குழந்தையின் கட்டைவிரலை மெல்ல அழுத்தி, “எழுதறப்ப இங்க வலிக்குமா?” என்றாள்.

“எப்பவும் வலிக்கும். எல்லாருக்கும் அப்படித்தானே?”

அவ்வளவு நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதவைத்த எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

“மேடம்,” என்றாள் ஷாலினி என்னிடம், “இன்னொரு நாள் வேற சோதனை வெச்சுப் பாத்துட்டு அறிக்கை தரேன். அதுவரைக்கும் தயவுசெஞ்சு எதுவும் சொல்லிக் குடுக்காதீங்க.”

அறிக்கை கிடைத்தது. கூடுதல் நேரமும் கிடைத்தது. ஆனால் பயிற்சி என்று பார்த்தால், பென்சிலையே காணோம். களிமண் பிசைந்தாள், துணி கிளிப்பை அமுக்கினாள், கரடிபோல் நாலு காலில் நடந்தாள். தோளும் விரலும் பலப்பட்டால்தான் எழுத்து நிற்குமாம். வீட்டில் சப்பாத்தி மாவு பிசைவது அவள் வேலையானது. அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு சப்பாத்திதான். சில நாள் செருப்புத் தோல், சில நாள் அப்பளம். குறை சொல்லாமல் சாப்பிட்டோம். அவள் விடவும் இல்லை. கை சோர்ந்தால் உதறிவிட்டு மறுபடி பிசைவாள்.

இப்போது ஆதிரை ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டில் யார் எந்தச் சோதனைக்குப் போனாலும், அது சர்க்கரையோ, ரத்த அழுத்தமோ, “அத்தைகிட்ட கோச்சிங் எடுத்தாச்சா?” என்று கேட்காமல் அனுப்புவதில்லை. சேகர் வண்டிக்குப் புகைச் சோதனை செய்யப் போனபோதுகூட, “வண்டிய ஒரு வாரம் அக்காகிட்ட விட்டுட்டுப் போங்களேன்,” என்றாள் சுதா.

போன மாதம் கண்புரை பார்க்கக் குரோம்பேட்டை கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணைக்கு வந்த ஆதிரை, நான் காத்திருந்த நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்து, சுவரில் இருந்த எழுத்து அட்டையை ஒரு தாளில் வரிவரியாக எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள்.

“சீக்கிரம் மனப்பாடம் பண்ணுங்க அத்தை. கடைசி வரி முக்கியம்.”

எழுத்துகள் இன்னும் கொஞ்சம் கோணல்தான். ஆனால் கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது.