காளாஞ்சி அதிபர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாக யோசித்தேன். எட்டாம் வகுப்போடு வெங்காயத் தோட்டத்துக்குப் போனவன் நான். எழுத்துப் பிழை வரும் என்பது ஒரு பயம். கோயில் காரியத்தைச் சிரிப்புக்கு எழுதினால் பிள்ளையார் என்ன நினைப்பார் என்பது அடுத்த பயம். மூன்றாவது பயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முழு யாழ்ப்பாணத்திலும் ஒரு கல்வி அதிகாரியைத் தேங்காய்ப் பாதியால் நடுங்க வைத்த ஒரே மனிதர் எங்கள் பள்ளிக்கூட அதிபர்தான். அவருடைய சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. காளாஞ்சி அதிபர் என்றால் நாய்கூட வழிகாட்டும்.

உடுப்பிட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். பிள்ளைகள் குறைந்து போனார்கள். ஒரு ரீச்சர் மூன்று வகுப்புக்கு ஒன்றாகப் படிப்பித்தா. பிள்ளை குறைந்த பள்ளிக்கூடங்களை மூடுவது பற்றி வலயக் கல்விப் பணிமனையில் ஒரு கோப்புத் திறந்திருக்கிறார்கள் என்று கதை வந்தது. அதிபர் பணிமனைக்கு மகஜருக்கு மேல் மகஜர், மனுவுக்கு மேல் மனு எழுதினார். மூடவேண்டாம், இரண்டு ரீச்சர்மாரைத் தாருங்கள் என்பதுதான் எல்லாவற்றிலும். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுவது என் தொண்டு. ஒரு வெள்ளி காலை அதிபர் சைக்கிளைச் சாத்திவிட்டு என் யன்னலடிக்கு வந்தார்.

"தம்பி, ஒரு அர்ச்சனை எழுதும். பெயர், பள்ளிக்கூடம் மூடுற கோப்பு."

என் பேனை நின்றுவிட்டது. மனிசருக்குத்தானே சேர் அர்ச்சனை, கோப்புக்கு நட்சத்திரத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன்.

"திருவாதிரை. திறந்த திகதியைக் கிளாக்கரிட்டைக் கேட்டு, பஞ்சாங்கம் பாத்திட்டுத்தான் வாறன்."

சொன்னபடியே எழுதினேன். உள்ளே ஐயர் சீட்டை வாசித்து மந்திரத்தை நடுவில் நிறுத்தி, என்னை ஒருமுறை எட்டிப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். பிறகு அவர் ஒரு மூச்சு இழுத்துக் கோப்பின் பெயரையும் திருவாதிரையையும் சொல்லித் தேங்காயை உடைத்தார். முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்ற ஒரு அம்மா கண்ணைத் திறந்துவிட்டா.

அர்ச்சனை முடிந்து கொடுக்கும் தேங்காய்ப் பாதி, வெற்றிலை, பழம், பூ, விபூதிக்குத்தான் காளாஞ்சி என்று பெயர். அதை எல்லாரும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இவர் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறிப் பணிமனைக்குக் கொண்டுபோய்ப் பெரிய அதிகாரியிடம் நீட்டியிருக்கிறார். அதிகாரி நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். எழும்பி இரண்டு கையாலும் வாங்கிவிட்டார். பாவம், அதுதான் அவர் விட்ட பிழை.

"மகஜர் குடுத்தால் கோப்புக்குள்ளை போகுது தம்பி. காளாஞ்சி குடுத்தால் கையிலை வாங்குகினம்," என்று அடுத்த வெள்ளி எனக்கு விளக்கம் சொன்னார்.

அதன் பிறகு ஒரு வெள்ளியும் தவறவில்லை. பணிமனையில் தேங்காய்ப் பாதி குவிந்தது. சாமியின் பொருளைக் குப்பையில் போட ஒருவருக்கும் துணிவில்லை. அலுமாரிக்கு மேலே தேங்காய், அதற்கு எறும்பு, எறும்பு இறங்கி வந்து கோப்புகளுக்குள். கடைசியில், அரச அலுவலகத்துக்குத் தேங்காய் கொண்டுவருவதை நிறுத்தும்படி அதிகாரி கடிதமே அனுப்பினார். அதிபர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். இவ்வளவு காலத்தில் பணிமனையிலிருந்து வந்த முதல் பதில் அதுதானாம்.

அடுத்த வெள்ளி சீட்டுக்கு அவர் சொன்ன பெயரைக் கேட்டு எனக்கு வேர்த்துவிட்டது. அதிகாரியின் பெயர். நட்சத்திரம் பூசம். எப்படித் தெரியும் என்றேன்.

"அளவெட்டிக்குப் போய் அவரின்ரை அம்மாவைக் கேட்டனான். மனிசி தேத்தண்ணியும் தந்தவ."

அந்தத் தாய்க்குச் சந்தோசம் தாங்கவில்லையாம். ஆரோ ஒரு அதிபர் தன் பிள்ளைக்கு வாரம் வாரம் அர்ச்சனை செய்கிறார் என்று, அவவும் வாரம் வாரம் மகனுக்குப் போன் எடுத்து, தம்பி, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்தனி என்று கேட்கத் தொடங்கிவிட்டா. சாமியையும் தாயையும் இப்படி வேலைக்கு அனுப்பலாமா என்று எனக்கு நித்திரையில்லை.

ஒரு வெள்ளி அதிகாரி வேட்டியோடு நேரே கோயிலுக்கு வந்தார். தாய்தான் அனுப்பியிருக்கிறா. தன் பெயரில் நடந்த அர்ச்சனைக்குக் கைகூப்பி நின்று, காளாஞ்சியும் வாங்கிக்கொண்டு, என் யன்னலுக்கு முன்னால் அதிபரை நிறுத்தினார்.

"அதிபர், உங்கடை பள்ளிக்கூடத்தை நான் மூடேல்லை. உங்கடை ஊராக்கள்தான் மூடுகினம்."

மடியிலிருந்து ஒரு கடதாசி எடுத்தார். அடுத்த வருடம் பட்டினப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டவர்களின் பெயர்கள். முதல் பெயரை வாசித்தார்.

என் பெயர்.

ஓம், வாசகர்களே. அங்கே படித்த மகளைத் தூக்கி வேறிடம் போட நான்தான் முதலில் போனவன். பள்ளிக்கூடம் மாறுவதற்கான விடுகைப் பத்திரம்கூட மூன்று கிழமைக்கு முன்னமே என் மனிசியை அனுப்பி எடுத்தாயிற்று. சீட்டுக் கட்டு கையிலிருந்து விழுந்தது. குனிந்தவனுக்கு நிமிர முடியவில்லை.

"தெரியும் சேர்," என்றார் அதிபர். "அந்தப் பத்திரத்திலை கையெழுத்து வைச்சது நான்தானே."

மூன்று வெள்ளியாகத் தெரிந்திருக்கிறது. மூன்று வெள்ளியும் அந்த யன்னலடிக்கு வந்து என்னிடமே சீட்டு வாங்கியிருக்கிறார். முகத்தில் ஒரு கீறல் மாறவில்லை.

"அவர் பயத்திலை செய்தவர் சேர். பெத்த மனம். ரீச்சரைத் தாங்கோ, பயம் போயிடும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "ரீச்சர்மார் வந்தால் பிள்ளையை இஞ்சையே விடுவீரோ?"

விடுவேன் என்று தலையைத்தான் ஆட்டினேன். அதிபர் விடவில்லை.

"வாயாலை சொல்லும் தம்பி. சேர் கேக்கிறார்."

"ஓம் சேர். விடுறன்."

அடுத்த தவணை இரண்டு ரீச்சர்மார் வந்தார்கள். பட்டியலில் இருந்த மற்றவர்களின் வீட்டுக்கு நானே சைக்கிளில் போய்க் கெஞ்சினேன். பாதிப் பேர் திரும்பினார்கள். அது போதுமாக இருந்தது. என் மகள் ஐந்தாம் வகுப்பு அங்கேதான் முடித்தாள். பள்ளிக்கூடம் இன்றைக்கும் காலையில் மணி அடிக்கிறது. அதிபர் ஓய்வு பெற்றுவிட்டார்.

இப்போது ஊரில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், கோயில் சீட்டுக்காரன் ஆரம்பத்திலிருந்தே அதிபரோடு நின்றவன் என்று என்மேல் உள்ள அன்பில் மாற்றிச் சொல்கிறார்கள். இதை வாசித்த பிறகும் நீங்களும் அப்படியே மாற்றிச் சொல்லிவிடுவீர்களோ என்பதுதான் என் மூன்றாவது பயம். வாசிக்கிற நீங்கள் நாலு பேருக்குச் சொன்னால், உள்ளபடி சொல்லுங்கள். முதல் பெயர் என்னுடையது. அது தெரிந்தும் அந்த மனிதர் வெள்ளிக்கு வெள்ளி என் யன்னலடிக்கு வந்து, "தம்பி, சுகமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டு வாங்கினார். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.