கடைசிப் படிக்குக் கீழே நின்ற சிகரத்தார்

சமதரையில் நின்றபடியே பனிப்புயலில் சிக்கிக்கொள்ளக்கூடிய மனிதர் தென்காசி வட்டாரத்தில் ஒருவரே உண்டு. மேலகரத்தில் என் எதிர்வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஊரார் இட்ட பெயர் சிகரத்தார். பணிக்காலத்தில் சிக்கிமுக்கு மாற்றலாகிப் போனவர், அலுவலக ஜன்னல் வழியே கஞ்சன்ஜங்கா சிகரத்தைப் பார்த்தார். பார்த்ததோடு சரி, ஏறவில்லை. ஆயினும் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் கம்பளிக் குல்லாய், கறுப்புக் கண்ணாடி, கொல்லுப்பட்டறையில் செய்வித்த பனிக்கோடரி ஆகியவற்றோடுதான் பால் வாங்கப் புறப்படுவார்.

அது அவர் பாடு. என் வயிற்றெரிச்சல் வேறு. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் வெள்ளிதோறும் நான் திருமுறை விரிவுரை செய்துவருகிறேன். கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தேறிய அம்மையாரின் பெருமையை உருகி உரைத்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து அவர் குரல் எழுந்தது.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். தலைகீழா ஏறுனா ஆக்சிஜன் சிலிண்டரை எங்கன கட்டுதது?"

சபை சிரித்தது. அன்றோடு சபை அவருடையதாயிற்று. பனிச்சரிவில் புதையுண்டவர்கள், உச்சி கண்ணெதிரே தெரிந்தும் உயிர் பிழைத்தால் போதுமெனத் திரும்பியவர்கள் என்று அவர் டீக்கடையில் கஞ்சன்ஜங்காவின் வரலாற்றை விரிக்க, என் மண்டபத்தில் மிஞ்சியவர் இருவர். ஒருவருக்குக் காது கேளாது. மற்றவர் சுண்டலுக்குப் பொறுப்பு.

போன கூட்டத்தை மீட்டேயாக வேண்டும். பண்பொழித் திருமலைக் குமரனைப் பாடியபடியே படியேறும் யாத்திரை ஒன்றை அறிவித்தேன். கூட்டம் வந்தது. சிகரத்தாரும் வந்தார், கிணற்றுக் கயிற்றோடு.

"எல்லாரும் இடுப்புல கட்டிக்கிடுங்க. ஒருத்தன் வழுக்குனா மத்தவன் பிடிச்சிக்கிடலாம்."

"படிக்கட்டுல என்னத்தவே வழுக்குது?" என்றேன்.

"இப்படிச் சொன்னவங்கதான் அண்ணாச்சி, அங்கன பனிக்குள்ள கெடக்காங்க."

கூட்டம் மறுபேச்சின்றிக் கட்டிக்கொண்டது. முதல் மண்டபத்தை 'முதல் முகாம்' என்றறிவித்துச் சுக்குக்காப்பி வழங்கினார். நான் பதிகம் எடுத்தபோது, "பாட்டு பாடி மூச்சை வீணாக்காதீங்க" என்று கூட்டத்தை அடக்கினார். என் பொறுமை கழன்றது, கயிற்றையும் கழற்றினேன். விரைந்தேறி, முதல் ஆளாக உச்சியில் நின்று பெருமிதத்தோடு திரும்பினேன்.

கடைசிப் படிக்கு ஒரு படி கீழே சிகரத்தார் நின்றுவிட்டிருந்தார். கயிற்றில் கட்டுண்டிருந்ததால் அவர் பின்னால் கூட்டம் முழுவதும் நின்றது.

"என்னவே, மூச்சு வாங்குதோ?"

"இல்ல அண்ணாச்சி. கஞ்சன்ஜங்காவுல மொதல்ல ஏறுனவங்க உச்சிய மிதிக்கல. சனங்க சாமியா கும்பிடுத மலைன்னு அந்த ஊரு ராசாவுக்கு வாக்கு குடுத்துட்டு, சில அடி கீழயே நின்னுட்டாங்க. நீங்களும் அந்த அம்மா கதையச் சொன்னீங்கள்லா? எனக்குத் தலையால நடக்க முடியாது. இந்த ஒரு படியையாவது மிதிக்காம இருக்கேன்."

இத்தனை ஆண்டு விரிவுரையில் என் சொல்லைக் கேட்டுக் காலை நிறுத்திய ஒரே மனிதர், என் கூட்டத்தைக் கலைத்தவர். அதையாவது தாங்கிக்கொண்டிருப்பேன். குருக்கள் திருநீற்றுத் தட்டோடு என்னைக் கடந்து, படியிறங்கிப் போய், முதலில் அவருக்கு இட்டார். குமரனே இறங்கிப் போனாற்போலிருந்தது.

வேறு வழியின்றி நானும் ஒரு படி இறங்கினேன். "கயித்தக் கட்டுங்க அண்ணாச்சி, காத்து அடிக்குது" என்றார். கட்டிக்கொண்டேன்.

இப்போது அவர் மகனோடு துபாயில். அடுக்குமாடியில் லிப்டில்தான் ஏறுகிறாராம். நான் கிருத்திகைதோறும் திருமலைக்குப் போகிறேன். அந்தப் படி வந்ததும் கால் தானே நின்றுவிடுகிறது. கை இடுப்பில் கயிற்றைத் தேடுகிறது.